வரைபடத்தில் நீலம், கண்மாயில் கிரிக்கெட்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம், சென்னையிலிருந்து வந்திருந்த தங்கை குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு அருகே ஒரு கண்மாய்க்குப் போனேன். கைபேசி வரைபடம் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் காட்டியது. இரண்டு தூண்டில், புளியோதரை, தயிர்ச்சோறு, பாய், பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி எல்லாம் காரில் இருந்தன. கரையேறிப் பார்த்தால் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மடையை ஒட்டி ஒரு குட்டை மட்டும் மிச்சமிருந்தது; அதையும் ஓர் எருமை பிடித்து வைத்திருந்தது. தங்கை மகன் தூண்டிலைத் தோளில் சாத்தியபடி, "மாமா, மீன் எங்கே?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் பதில் சொன்னார்: "தை மாதம் வந்திருக்க வேண்டும், தம்பி."

வரைபடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. நிரம்பிக் கிடந்த நாளில் யாரோ வானத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். ராமநாதபுரத்துக் கண்மாய் ஐப்பசியில் பிறந்து, மார்கழியில் கொழுத்து, பங்குனியில் மெலிந்து, பெரும்பாலும் சித்திரைக்குள் மறைந்துவிடும். ஏற்காட்டையும் கொடைக்கானலையும் மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே ஒரு நாள் உல்லாசத்துக்குக் கிளம்புகிறவர்கள் என்னைப் போலத்தான் ஏமாறுவார்கள். படகுத்துறையும் புல்வெளியும் ஐஸ்கிரீம் வண்டியும் உள்ள ஏரிப் பூங்காவை எதிர்பார்த்து இந்தப் பக்கம் வர வேண்டாம். இங்கே நன்னீர் எப்போது இருக்கும், எதில் தூண்டில் போடலாம், எதில் துடுப்புப் போடலாம், எதைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் மழையும் மண்ணும் ஊர்க்கட்டுப்பாடும் முடிவு செய்து வைத்திருக்கின்றன.

மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 800 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. நிலமோ தாம்பாளம் மாதிரித் தட்டை. கடலை நோக்கி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத சாய்வு. அணை கட்ட மலையும் கிடையாது, பள்ளத்தாக்கும் கிடையாது. ஓடுகிற நீரை உப்பில் விழுவதற்கு முன் மறிக்க வேண்டுமானால், சாய்வுக்குக் குறுக்கே பிறை போல வளைத்து மண்கரை போடுவது ஒன்றே வழி. அப்படிப் போட்ட கரையும், வயலுக்குத் தண்ணீர் விடும் மடையும், மிஞ்சியதை வெளியேற்றும் கலுங்கும், நீர் பரந்து நிற்கும் உள்வாயும் சேர்ந்ததுதான் கண்மாய். ஒன்றின் கலுங்கில் வழிவது அடுத்ததற்கு வரத்து. இப்படிச் சங்கிலியாக இறங்கி, கடைசிக் கண்மாயில் மிஞ்சுவதுதான் கடலுக்கு.

வைகையின் கதையும் இதுதான். அது நேரே போய்க் கடலில் விழுவதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குள் நுழைகிறது. அதுவும் நிரம்பி மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் பாக் விரிகுடாவைத் தொடும். வைகை அணை நீரில் பழைய பாசனத்துக்கு ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் 7:3:2 என்று பங்கு. பெரிய பங்கு கடைமடையான நமக்குத்தான் என்பது தாளில் பார்க்க நன்றாக இருக்கும். மணலும் வெயிலும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு வந்து சேர்வது வேறு கணக்கு.

வடக்கே ராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கு 48 மடைகள். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்வார்கள். ஒரே வீச்சில் நாரை பறந்து கடக்க முடியாத அகலமாம். கரையில் நின்றால் நம்பத்தான் தோன்றும். ஆனால் இந்த அகலத்துக்கு ஏற்ற ஆழம் எந்தக் கண்மாய்க்கும் கிடையாது. அடிவானம் வரை தண்ணீர் தெரியும் இடத்தில் இறங்கி நடந்தால் பல இடங்களில் இடுப்புக்கு மேல் வராது. பரந்து கிடக்கும் மேலோட்டமான நீரை ஒரு பக்கம் வயல் குடிக்கிறது, மறுபக்கம் வெயில் குடிக்கிறது. சித்திரையில் கிரிக்கெட் ஆடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கண்மாயையும் ஊருணியையும் குழப்பிக்கொள்கிற வெளியூர்க்காரர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஊருணி குடிநீருக்கானது. பல ஊர்களில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியிறங்குவார்கள்; குளிக்கவோ துணி துவைக்கவோ விடமாட்டார்கள். நிழல் மரமும் சுற்றுச்சுவருமாகப் பூங்கா போலத் தெரிகிறதே என்று பாயை விரித்துவிட்டுப் பிள்ளைகளை இறக்கிவிட்டால், குடத்தோடு வருகிற பெண்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

கண்மாயிலும் தூண்டிலோடு நேரே இறங்கிவிட முடியாது. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள பெரிய கண்மாய்கள் நீர்வளத்துறையிடம் இருக்கின்றன. சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடம். தண்ணீர் பாசனக்காரர்களுக்கு என்றால், மீன் ஏலம் எடுத்தவருக்கு. இதற்கு மீன்பாசிக் குத்தகை என்று பெயர். குத்தகைக்காரர் பணம் கட்டி, குஞ்சு வாங்கி விட்டு, கரையில் குடிசை போட்டு ஆளும் வைத்திருப்பார். நீங்கள் தூண்டில் போடுவது அவர் கண்ணில் வேலி தாண்டி மாங்காய் பறிப்பது போலத்தான்.

அடுத்த தையில் மருமகனையும் கூட்டிக்கொண்டு அதே கண்மாய்க்கு மறுபடி போனபோது முதலில் அந்தக் குடிசைக்குப் போனேன். காவலுக்கு இருந்தவர் என் கையிலிருந்த மூங்கில் கழியை மேலும் கீழும் பார்த்தார். "தூண்டில் மட்டும்தானே? வலை இல்லையே?" என்றார். இல்லை என்றேன். "கலுங்குப் பக்கம் உட்காருங்கள். போகும்போது பிடித்ததைக் காட்டிவிட்டுப் போங்கள், அண்ணே" என்றார். சாயங்காலம் எடைபோட்டுக் காசு வாங்கிக்கொண்டார். சந்தை விலையைவிடச் சற்றுக் கூடுதல்தான். ஒரு நாள் முழுவதும் கலுங்கில் உட்கார்ந்த வாடகை என்று நினைத்துக்கொண்டேன்.

தூண்டில்காரனுக்குக் கம்பைவிடத் தக்கைதான் முக்கியம். அன்று எங்களுக்குத் தக்கையாக இருந்தது பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய சுண்டுவிரல் அளவுத் துண்டு. கோதுமை மாவில் கடலைப் புண்ணாக்குத் தூளைப் பிசைந்து, மிளகு அளவு உருட்டி முள்ளில் குத்தினோம். தக்கை ஆடுகிற விதத்தைப் பார்த்தே கீழே என்ன இருக்கிறது என்று ஓரளவு சொல்லலாம். ஜிலேபிக் கெண்டை கொத்தினால் தக்கை நின்ற இடத்திலேயே குளிரில் நடுங்குவது போல் நடுங்கும். கெளுத்தி வாங்கினால் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். விரால் என்றால் நடுக்கமும் கிடையாது, இழுப்பும் கிடையாது; தக்கை இருந்த இடத்தில் தக்கை இருக்காது. விராலுக்கு மாவு உருண்டை ஆகாது. தவளைக் குஞ்சோ சிறு மீனோ உயிரோடு வேண்டும்.

மருமகனின் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. சித்திரையில் ஒன்றுமே இல்லாத தரையில் தையில் மீன் எப்படி வந்தது? மழையோடு வானத்திலிருந்து விழுகிறது என்று சிறு வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் மூன்று வழிகள். விரால், குரவை, தேளி போன்றவற்றுக்குச் செவுளோடு கூடக் காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்பும் இருக்கிறது. மடைக்குழியின் சேற்றில் ஈரம் இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். எருமை படுத்திருந்த அந்தக் குட்டையில்தான் எங்கள் மீன்களின் பெற்றோர் இருந்திருக்கும். இரண்டாவது வழி, புது வெள்ளம். வரத்துக் கால்வாயில் தண்ணீர் பாய்கிற இரவில் கெண்டையும் உளுவையும் அயிரையும் எதிர்த்து ஏறியும் இறங்கியும் கண்மாய்க்குக் கண்மாய் மாறும்.

மூன்றாவது வழி லாரியில் வருகிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கத்தி ஆற்று மீன்கள். தேங்கிய நீரில் வளரும், முட்டையிடாது. வெள்ளம் ஓடும் ஆறு வேண்டும். 1957-இல் ஒடிசாவின் கட்டாக்கில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு இந்த வகைக் கெண்டைகளைத் தேங்கிய நீரிலேயே முட்டையிட வைத்தார். அதன் பிறகுதான் குஞ்சுகள் கணக்கின்றிக் கிடைக்க ஆரம்பித்தன. முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் கங்கைக் கரை மீன் துள்ளுகிறது என்றால் அந்த ஊசிக்கும் அதில் பங்கு உண்டு.

ஜிலேபிக் கெண்டையின் வரலாறு இன்னும் நமக்கு நெருக்கம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தத் திலேப்பியா 1952-இல் இந்தியாவுக்கு வந்தபோது, அதன் முதல் இருப்பிடங்களில் ஒன்று நம் மண்டபம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அப்போது மண்டபத்தில்தான் தலைமையிடம் வைத்திருந்தது. 1971-இல்தான் கொச்சிக்குப் போனது. பசிக்கு மலிவான மீன் என்று கொண்டுவந்தார்கள். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பொரித்து, குஞ்சுகளையும் வாய்க்குள்ளேயே ஒளித்துக் காப்பாற்றும். உப்புத் தண்ணீரையும் தாங்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் ராமநாதபுரக் கரையில் அதை அசைக்க யாரால் முடியும்? நாட்டு மீன்கள் பல ஒதுங்கிவிட்டன. இன்று தூண்டில் போடுகிற பிள்ளைகளுக்கு முதலில் மாட்டுவது பெரும்பாலும் இதுதான். அதனால்தான் இதைக் கொன்று தின்பதில் எனக்குக் குற்ற உணர்ச்சி வருவதில்லை.

விராலில் அந்த உணர்ச்சி வரும். மழைக்காலத்தில் கோரைப்புல் ஓரமாகச் செந்நிறத்தில் ஒரு கைப்பிடி நெருப்பைக் கொட்டினாற்போலக் குஞ்சுக்கூட்டம் மேலே வந்து மூச்சு வாங்கும். பார்ப்பு என்பார்கள். அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். எது கிட்டே வந்தாலும் பாயும். அந்த ஆவேசத்தைப் பயன்படுத்தியே தூண்டிலில் எடுப்பவர்கள் உண்டு. அப்படி எடுத்த அன்றே பார்ப்பு முழுவதும் கொக்குக்கும் கெளுத்திக்கும் இரையாகிவிடும். பார்ப்பு கண்ணில் பட்டால் இடம் மாறி உட்காருவது தூண்டில்காரனுக்கு அழகு.

தேளியைக் கையாலெடுக்க வேண்டாம் என்பதை மட்டும் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கருஞ்சிவப்பில் வழவழவென்று ஒரு சாண் நீளம். தோள் துடுப்பில் இரண்டு முள், முள்ளில் விஷம். எனக்கு ஒரு முறை கட்டைவிரலில் குத்தி, தோள்பட்டை வரை வலி ஏறியது. பொறுக்கும் அளவு சூடான நீரில் கையை வைத்திருந்தபோதுதான் அடங்கியது. அந்த விஷம் சூட்டில் சிதையக்கூடியது. அதற்கும் மேலான ஆபத்து குழிகள். வண்டல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்குள் தெரியாது. இடுப்பளவில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் ஆளுயரத்துக்குப் போய்விடுவார். திறந்த மடையின் அருகே இழுவையும் இருக்கும், கலுங்குக் கல்லில் பாசியும் இருக்கும். நீச்சல் தெரியும் என்பதெல்லாம் இங்கே பெரிய பேச்சில்லை.

பிடித்த மீனைப் பற்றி ஒரு வழக்கு ஓயாமல் நடக்கிறது. கடற்கரை ஊர்களில் கண்மாய் மீன் என்றாலே மூக்கைச் சுளிப்பார்கள். மண் வாடை என்பார்கள். இருபது கிலோமீட்டர் உள்ளே போனால், கடல் மீனில் என்ன ருசி இருக்கிறது என்று கேட்பார்கள். மண் வாடை உண்மைதான். நீரிலுள்ள சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் தோலிலும் கொழுப்பிலும் சேர்ந்துகொள்கிறது. முதல் மழைக்கு எழும் மண்வாசத்துக்கும் அதுவே காரணம். மழையில் கவிதை, மீனில் குறை. புளிப்புப் பட்டால் ஜியோஸ்மின் சிதைந்து வாசம் போய்விடும். கல் உப்புப் போட்டுத் தேய்த்து அலசிவிட்டுப் புளிக்கரைசலில் ஊறவைக்கிற நம் வீட்டுப் பெண்கள் இதை எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் கற்றுக்கொண்டதில்லை. காரத்துக்கு நம் ஊர்க் குண்டு மிளகாய் போதும். 'ராமநாதபுரம் முண்டு' என்று 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மிளகாய்.

தண்ணீர் வற்றி, குத்தகைக்காரரின் அறுவடையும் முடிந்த பிறகு, மாசியிலிருந்து வைகாசிக்குள் பல ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். விடிவதற்குள் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் கரையில் கூடிவிடுவார்கள். சாமி கும்பிட்டு ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஒட்டுமொத்தக் கூட்டமும் உள்ளே இறங்கும். ஊத்தா இல்லாமல் திருவிழா இல்லை. இரு பக்கமும் திறந்த கூம்பு மாதிரிக் கூடை. மூங்கில் சிம்பால் பின்னியது. கலங்கிய நீரில் 'சதக்' என்று குத்தி நிறுத்த வேண்டும். உள்ளே மீன் அகப்பட்டிருந்தால் சிம்பில் மோதுகிற அதிர்வு உள்ளங்கையில் தெரியும்; மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். பிடித்ததை விற்கக் கூடாது, ஆக்கித் தின்ன வேண்டும், உறவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது பல இடங்களில் முறை. வெளியூர்க்காரர் இறங்க விரும்பினால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கரையில் நின்று பார்ப்பதற்கு யாரும் தடை சொல்வதில்லை. சேறு மட்டும் உங்களைத் தேடி வரும்.

சரணாலயங்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே மீன் பறவைகளுக்கு. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர், தேர்தங்கல், நகரை ஒட்டிய சக்கரக்கோட்டை ஆகிய ஐந்தும் பாசனத்துக்கு வெட்டிய கண்மாய்கள்தான். பறவைகள் வந்ததால் சரணாலயமானவை. முதல் இரண்டும் 2022-இலும், தேர்தங்கலும் சக்கரக்கோட்டையும் 2025-இலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் அறிவிக்கப்பட்டன. மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டுவது கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக்கருவேலத்திலும், ஊரே சபிக்கும் சீமைக்கருவேலத்திலும்தான். அந்த மரத்தை வேரோடு பிடுங்க வேண்டும் என்று நீதிமன்றம் வரை போனவர்கள் நாம். நாரைக்கு அந்த வழக்கு தெரியாது. போவதென்றால் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள், காலை எட்டு மணிக்கு முன். மழை பொய்த்த ஆண்டில் போகாதீர்கள். தண்ணீர் இல்லாவிட்டால் பறவையும் இல்லை.

துடுப்புப் போட ஆசைப்படுகிறவர்களுக்குக் கண்மாய் சரிப்படாது. அங்கே மிதப்பவை மீன்காரர்களின் தெர்மகோல் மிதவையும் லாரி டியூபும்தான். கயாக் வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே காரங்காட்டுக்குப் போக வேண்டும். கோட்டக்கரையாறு கடலைத் தொடும் இடம். ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வனத்துறை அங்கே அலையாத்திக் காட்டுக்குள் படகும் கயாக்கும் விடுகிறது. மழைக்காலத்தில் மேலிருந்து நன்னீர் இறங்கும், கோடையில் கடல் மேலேறும். அதனால் தண்ணீரின் சுவை மாதத்துக்கு மாதம் மாறும். ஓடை குறுகும் இடங்களில் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை வெண்கண்டலின் சுவாச வேர்கள். காற்றுப் புகாத சேற்றில் வேர் மூச்சுத் திணறாமலிருக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு அது. துடுப்பை அவற்றில் ஊன்றித் தள்ளாதீர்கள். எங்கள் படகு ஒரு முறை கரையில் செருகிக்கொண்டது. கூட வந்த ஊர்த் தம்பி ஒரு வார்த்தையும் சொல்லாமல் இறங்கி, கையால் தள்ளிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். அந்த மௌனம் எனக்கு உறைத்தது.

திறந்த கடலில் துடுப்புப் போடுகிறவர்கள் காற்றைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். பாம்பனுக்கு வடக்கே உள்ளதை வடகடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் மீனவர்கள் பிரிப்பார்கள். தென்மேற்குக் காற்று காலத்தில் தென்கடல் புரளும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழ். அரியமான் பக்கம் கடல் குளம் போல இருக்கிறது என்று ஜூலையில் கேட்டதை நம்பி டிசம்பரில் போனால், அங்கே வேறொரு கடல் இருக்கும்.

நன்னீரைத் தேடிய எங்கள் பயணம் தனுஷ்கோடியில் முடிந்தது. 1964 டிசம்பர் புயல் மிச்சம் வைத்த சுவர்களுக்கு அப்பால், ஒரு குடிசைக் கடையின் பின்புறம் மணலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. இரு பக்கமும் கடல். கடைக்கார அக்கா கொட்டாங்கச்சியால் குழியில் மொண்டு மருமகனிடம் நீட்டினார். மணலில் இறங்கிய மழைநீர் எடை குறைந்தது; உப்புநீரின் மேல் கண்ணாடி வில்லை போல மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிவியலின் கணக்கு. அளவாக மொண்டால் வில்லை உடையாது; மோட்டார் வைத்து இழுத்தால் அடியிலிருந்து உப்பு மேலே வந்துவிடும். இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தான். நம்பாமல் இன்னொரு மடக்கு. பிறகு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு கடலை நோக்கி ஓடினான், அதையும் குடித்துப் பார்க்க. அவன் அம்மா பின்னால் ஓடினாள்.